எண்ணெய்க்குப் பிந்திய உலகும் எங்கள் யாழ்ப்பாணமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழாக்களில் பேச அழைக்கப்படும் வைத்தியருக்கு வழக்கமாகக் கிடைக்கும் தலைப்பு நீரிழிவு. அது தவறினால் உயர் குருதியமுக்கம். இம்முறை விழாக்குழுவினர் எண்ணெய்க்குப் பிந்திய உலகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வைத்தியருக்கும் பெற்றோலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் யோசிக்கக்கூடும். எங்கள் ஊரில் எண்ணெய் இருந்தபோதும் அதனால் நோய் வந்தது. இல்லாமற் போனபோதும் நோய் வந்தது. இரண்டும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் வைத்தியசாலை. ஆகையால் இந்தத் தலைப்பு எனக்கு அவ்வளவு அந்நியமானதல்ல.

உலகம் இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் எண்ணெயைச் செலவிடுகிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லீற்றர். இந்தப் பழக்கத்திலிருந்து வெளியேற வேண்டும் என்பதை இப்போது எல்லா நாடுகளும் வாயளவிலாவது ஒப்புக்கொள்கின்றன. 2023 டிசெம்பரில் டுபாயில் நடந்த ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டில், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து நீதியாகவும் ஒழுங்காகவும் சமத்துவமாகவும் விலகிச் செல்வது என்று உடன்பாடு ஏற்பட்டது. எண்ணெய் விற்கும் நாடொன்றில் இருந்துகொண்டு இப்படித் தீர்மானித்தது ஒரு வேடிக்கைதான். எங்கள் உறவினர் பலர் வாழும் நோர்வேயில் 2024 ஆம் ஆண்டு விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். அதே நோர்வே வடகடலில் எண்ணெய் எடுத்து மற்ற நாடுகளுக்கு விற்றுக்கொண்டும் இருக்கிறது. ஆக, உலகம் புறப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு காலை இன்னும் வாசற்படிக்கு உள்ளேதான் வைத்திருக்கிறது.

டுபாய்த் தீர்மானத்தில் உள்ள 'நீதியாக, ஒழுங்காக' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். அவை இரண்டும் இல்லாமல் ஒரு சமூகம் எண்ணெயை இழந்தால் என்ன நடக்கும் என்பதை அறிய யாழ்ப்பாணத்தவர்கள் நூலகத்துக்குப் போகத் தேவையில்லை.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம், யூரியா, சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. குடாநாடு திரும்பவும் தேசிய மின்வலையமைப்போடு இணைக்கப்பட்டது 2013 இல். மண்ணெண்ணெய் மட்டும் சிறிதளவு வந்தது. அதுவும் கொழும்பு விலையின் பல மடங்கு விலைக்கு. என் வயதை ஒத்தவர்களின் பாடசாலைக் காலம் முழுவதும் அதற்குள்தான் கழிந்தது. இங்கே முன்வரிசையில் இருக்கும் மாணவிகளுக்கு இது அம்மா சொல்லும் பழங்கதை.

அந்தக் காலத்தில் எம்மவர் காட்டிய கெட்டித்தனம் சாதாரணமானதல்ல. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெயை ஊறவிட்டு, மெல்லிய திரி ஒன்றை நிறுத்தி எரித்த விளக்கில் எத்தனை பேர் க.பொ.த. உயர்தரம் படித்தார்கள்! பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டே ஓடின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் செய்தி கேட்டோம். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு எண்ணெய் கிடைக்காத தோட்டங்களில் மறந்துபோன துலாக்கள் மறுபடி ஆடின.

இவற்றை நினைத்துப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அண்மைக் காலமாக இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. 'அப்போது எல்லோரும் சைக்கிள் மிதித்தோம், சீனி வருத்தம் இல்லை, காற்று சுத்தமாக இருந்தது, இயற்கையோடு இயைந்து வாழ்ந்தோம்' என்று சிலர் அந்தக் காலத்துக்கு ஏங்குகிறார்கள். சைக்கிள் உடம்புக்கு நல்லது என்பதை நானும் நோயாளிகளுக்கு நாள்தோறும் சொல்கிறேன். ஆனால் விரும்பி மிதிப்பது வேறு, வேறு வழியில்லாமல் மிதிப்பது வேறு. பிரசவ வலி கண்ட பெண் சைக்கிள் கரியரில் இருந்து வந்ததை இயற்கை வாழ்வு என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். இன்சுலினைக் குளிராக வைத்திருக்க வழியில்லாதவர்கள் அதை மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்துப் பாதுகாத்தார்கள். யாழ் போதனா வைத்தியசாலை வளாகம் 1990 இன் இறுதிப் பகுதியிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் இருந்தது. இருந்தாலும் டீசல் மிச்சத்தைப் பார்த்து மின்பிறப்பாக்கியை ஓட்ட வேண்டிய காலம் அது. எந்தச் சத்திரசிகிச்சை இன்றைக்கு, எது நாளைக்கு என்பதை நோய் மட்டும் தீர்மானிக்கவில்லை.

அந்தச் சின்ன விளக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அவற்றைப் பாசத்தோடு நினைக்கிறோம். ஆனால் போத்தல் விளக்கு தட்டுப்பட்டு, எண்ணெய் சிந்தி, பாவாடையில் தீப்பற்றி எரிந்தவர்கள் இலங்கை முழுவதும் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். சத்திரசிகிச்சை நிபுணர் வைத்தியர் விஜய கொடகும்புர அப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்துச் சலித்து, நோயைவிட்டு விளக்கைக் குணப்படுத்தப் புறப்பட்டார். குட்டையான மார்மைற் போத்தல் அவருக்கு வழிகாட்டியது. கனமான கண்ணாடி, விழுந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டை, எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. இவ்வளவுதான் அவருடைய கண்டுபிடிப்பு. அதற்காக 1998 இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. புதிய எரிபொருள் வரும்வரை பழைய எரிபொருளை ஆபத்துக் குறைவாக்குவதும் ஒரு மருத்துவமே என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

மண்ணெண்ணெய் இன்னும் பல வீடுகளில் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்த பிள்ளையை ஒருபோதும் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வயிற்றில் இருப்பதைவிட அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்குவதே ஆபத்து. எதையும் பருக்காமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.

எண்ணெய் இல்லாமல் பட்டது ஒரு கதை என்றால், எண்ணெய் வந்த பிறகு பட்டது இன்னொரு கதை. போர் முடிவதற்கு முன்னும் பின்னும் குடாநாட்டுக்கு வெளிச்சம் தந்தது சுன்னாகத்தில் எரிந்த எண்ணெய்தான். அதன் கழிவு நிலத்தடியில் இறங்கியது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கடற்பஞ்சு போல வெடிப்பும் துவாரமுமாக உள்ள அந்தக் கல்லில் மேலே ஊற்றியதைக் கீழே போகாமல் தடுக்க எதுவும் இல்லை. எங்களிடம் ஆறில்லை, கிணறுதான் எங்களுக்கு எல்லாம். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது தெரியவந்து மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பவுசரில் குடிதண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நிலத்தடி நீர் மாசுபட்டமைக்கு அங்கிருந்த தனியார் மின் உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை எங்கள் ஊர்க் கிணறுகள் இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் உறுதிப்படுத்தின. தீர்ப்பு பெரியது. ஆனால் தீர்ப்பால் கிணற்றைக் கழுவ முடியாது.

புகையையும் மறந்துவிடக்கூடாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. உள்ளும் புறமுமாக அசுத்தக் காற்றினால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. எனவே எண்ணெயை விட்டு விலகத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி விலகுவது என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஒரு மருந்தை உதாரணமாகச் சொல்கிறேன். பிரட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் மருந்தை உங்களிற் பலர் அறிவீர்கள். மூச்சுத் திணறி வந்தவரை எழுந்து நடக்க வைக்கும் அருமருந்து. ஆனால் நெடுங்காலம் எடுத்தால் எலும்பு மெலியும், சீனி ஏறும், கண்ணில் வெண்புரை படரும். அதனால் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. மருந்து வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் உடம்பின் அதிரீனற் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் குருதியமுக்கம் வீழ்ந்து உயிரே போகலாம். ஆகவே அளவைப் படிப்படியாகக் குறைத்து, சுரப்பி விழித்து வேலைக்கு வர அவகாசம் கொடுக்கிறோம். அவகாசம் என்றால் தள்ளிப்போடுவது அல்ல. ஒவ்வொரு கிழமையும் எத்தனை மில்லிகிராம் என்று துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

எண்ணெயும் இப்படிப்பட்ட மருந்துதான். எங்கள் நாட்டில் அதைக் குறைக்கும் துண்டை ஒருவரும் எழுதியதில்லை. மூன்று தடவை திடீரென்று நிறுத்திப் பார்த்திருக்கிறோம். முதலாவது 1990. அது தண்டனையாக வந்தது. இரண்டாவது 2021. இரசாயன உர இறக்குமதியை அந்த ஆண்டு அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்தது. யூரியா வயலில் விளைவதல்ல. இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுவது. ஆக அதுவும் பூமிக்கடியில் இருந்து வந்த எரிபொருள்தான். நோக்கம் இயற்கை வேளாண்மை என்றார்கள். நெல் விளைச்சல் வீழ்ந்தது, அரிசி விலை ஏறியது, அதே ஆண்டு முடிவதற்குள் தடை தளர்ந்தது. நல்ல நோக்கத்துக்கே அவப்பெயர் வந்ததுதான் மிச்சம். இன்று ஒரு விவசாயியிடம் போய் இயற்கை உரம் என்று பேசிப் பாருங்கள், தெரியும்.

மூன்றாவது 2022. இம்முறை தடை போட்டவர் எவரும் இல்லை, டொலர் இல்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர எரிபொருள் வழங்குவதையே நிறுத்தினார்கள். பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது. எங்களுக்கு வரிசை புதிதல்ல. ஆனால் முழு இலங்கையும் எங்களோடு வரிசையில் நின்றது அப்போதுதான். அந்த மே மாதம் ஹல்துமுல்லையில் பிறந்து இரண்டே நாளான ஒரு குழந்தை இறந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தந்தை பல மணி நேரம் பெற்றோல் தேடி அலைந்திருந்தார். பிரேத பரிசோதனை செய்த சட்ட வைத்திய அதிகாரி அந்தத் துயரத்தை வெளியில் சொன்னதால்தான் நாடு அறிந்தது. சொல்லப்படாதவை எத்தனையோ.

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கொழும்பில் இருப்பவருக்கு அது பத்திரிகைச் செய்தி. பருத்தித்துறையிலும் குருநகரிலும் வெளியிணைப்பு இயந்திரப் படகில் தொழிலுக்குப் போகும் குடும்பங்களுக்கு அது அடுப்பில் உலை ஏறுமா என்ற கேள்வி. எரிவாயு இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகளில் புகையைச் சுவாசித்தவர்கள் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மூன்று தடவையும் பழி ஒரே ஆட்களின் தலையில்தான் விழுந்தது: நோயாளி, கர்ப்பிணி, பிள்ளை, நாட்கூலி, சிறு விவசாயி, கடற்றொழிலாளி. வசதி உள்ளவர் எப்படியோ ஒரு கலன் வாங்கிக்கொள்வார்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். எண்ணெய் இல்லாமல் இருப்பது வேறு. எண்ணெயைக் கடந்து போவது வேறு. முதலாவதை நாம் மற்றவர்களுக்கு முன்னமே அனுபவித்துவிட்டோம். இரண்டாவதை இன்னும் தொடங்கவில்லை. மாற்று ஒன்று கையில் வந்த பிறகே பழையதைக் குறைக்க வேண்டும். அந்த மாற்று மிகவும் இயலாதவரிடம் முதலில் போய்ச் சேர வேண்டும். விபத்துப் பிரிவில் ஒரே நேரத்தில் முப்பது பேர் வந்தால் செல்வாக்குப் பார்த்துக் கவனிப்பதில்லை. யாருக்குத் தாமதம் உயிராபத்து என்று பார்த்தே வரிசை வகுக்கிறோம். எரிசக்திக்கும் அந்த வரிசைதான் பொருந்தும்.

எங்கள் தீவுகளைப் பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாதவை. கடலில் கொண்டுபோன டீசலில் மின்பிறப்பாக்கி ஓடினால்தான் அங்கே வெளிச்சம். காற்றும் வெயிலும் அள்ளிக் கிடக்கும் இடத்துக்குப் படகில் டீசல் கொண்டுபோவதைப்போல் ஒரு முரண் வேறில்லை. இவற்றுக்குக் காற்றும் சூரியனும் சேர்ந்த கலப்பு மின்தொகுதி அமைக்கும் வேலை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவில் சீன நிறுவனம் விலகியது. 2022 இல் இந்தியா அதையே தன் நன்கொடையாகச் செய்ய முன்வந்தது. 2024 மார்ச்சில் ஒரு இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. திட்டப்படி 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்றுச்சக்தி, அவற்றோடு பற்றரிச் சேமிப்பும், அவசரத்துக்கு டீசலும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய நாடுகள் இரண்டு எங்கள் தீவுகளை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் நெடுந்தீவுத் தாய் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க்காக நடந்த போட்டி காற்றுக்காகவும் வெயிலுக்காகவும் நடக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டிய சான்று எமக்குத் தேவையில்லை.

மன்னாரையும் பாருங்கள். அங்கே 100 மெகாவாற் காற்றாலைப் பூங்கா 2020 இல் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் மேலும் மேலும் கோபுரங்கள் வரப்போகின்றன என்றதும் 2025 இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மழைநீர் வடியும் வழி அடைபடுகிறது, கடற்றொழில் பாதிக்கப்படுகிறது, வலசை வரும் பறவைகளின் பாதை குறுக்கிடப்படுகிறது என்றார்கள். அவர்களைச் சுத்தமான மின்சாரத்தின் எதிரிகள் என்று சொல்வது எளிது. கோபுரம் தங்கள் காணியில், மின்சாரம் வேறு ஊரில், முடிவு இன்னோர் ஊரில் என்றால் நாங்களும் அப்படித்தான் கேட்போம். சுன்னாகத்து எண்ணெய்க்கு நாம் கேட்ட கேள்வியைக் காற்றுக்கும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

சூரியனுக்கு வருவோம். எங்கள் கூரைகள் மேல் தகடுகள் பெருகி வருகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணம் இப்போது மதிலுக்கும் மாபிளுக்கும் மட்டும் போகாமல் கூரைக்கும் போவது நல்ல மாற்றம். 2030 இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வழிகளில் வர வேண்டும் என்பது அரசின் இலக்கு. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் என்ன நடந்தது? பாவனை குறைந்துவிட்டது, பகலில் கூரைத் தொகுதிகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. இரவில் மறுபடி எண்ணெயும் நிலக்கரியும் எரிகின்றன. தகடு மட்டும் போதாது, சேமிக்கப் பற்றரி வேண்டும் என்பது இதன் பாடம்.

பற்றரியும் ஒரு நாள் பழையதாகும். ஈய பற்றரியைப் பின்வளவில் உடைத்து உருக்கினால் அந்த ஈயம் மண்ணிலும் பிள்ளைகளின் இரத்தத்திலும் சேரும். வளரும் மூளையை ஈயம் கெடுக்கும். கெட்டதைத் திருத்த எங்களிடம் மருந்தில்லை. சுண்ணாம்புக்கல் எண்ணெய்க்கு வழிவிட்டதுபோல் இதற்கும் வழிவிடும். ஆகவே பற்றரி விற்கும் கடையே பழையதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கை இன்றைக்கே கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு விளைவு நம்மில் பலர் யோசிக்காதது. துலா காலத்தில் மனிதனின் தோள் வலிக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் இறைக்க முடிந்தது. மெசின் வந்ததும் எண்ணெய்ச் செலவே எல்லையாயிற்று. சூரியசக்திப் பம்புக்கு அந்த எல்லையும் இல்லை; வெயில் இருக்கும்வரை சும்மா ஓடும். எங்கள் நன்னீரோ கடல் நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. அளவுக்கு மிஞ்சி எடுத்தால் கீழிருந்து உப்பு ஏறும். எண்ணெயை விட்ட பெருமையில் கிணற்றை உவராக்கிவிடக்கூடாது. சூரியப் பம்பு கொடுக்கும் திட்டம் எதுவாயினும் எத்தனை மணி நேரம் இறைப்பது என்ற கட்டுப்பாட்டோடு, துளிநீர்ப் பாசனத்தோடு வர வேண்டும்.

வைத்தியசாலைகளுக்கும் எண்ணெய் இன்னும் கொஞ்சக் காலம் தேவைப்படும். சேலைன் பை, ஊசிக்குழல், கையுறை, குழாய்கள், பல மருந்துகளின் மூலப்பொருள்கள் எல்லாம் பெற்றோலியத்தில் இருந்து வருபவை. இவ்வளவு அருமையான ஒன்றைத்தான் கச்சேரியடியில் வாகன நெரிசலில் நின்றபடி எரித்து முடிக்கிறோம். வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணி செய்து பணம் அனுப்பும் எங்கள் நாட்டுப் பெண்களையும் நினைக்க வேண்டும். அவர்களுடைய சம்பளமும் எண்ணெய்ப் பணம்தான். அங்கே எண்ணெய் வருமானம் சுருங்கும் நாளில் முதலில் விமானம் ஏறித் திரும்பி வருபவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்கு இங்கே என்ன வேலை வைத்திருக்கிறோம் என்பதும் இந்தத் தலைப்புக்குள் அடங்கியதே.

இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும், நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் சங்கத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. நூற்றாண்டு நினைவாக ஒரு வளைவோ மணிக்கூட்டுக் கோபுரமோ கட்டும் யோசனை இருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பாடசாலையின் பெரிய கூரைக்குச் சூரியத் தகடுகளும், அவற்றோடு கட்டாயமாகச் சேமிப்புப் பற்றரியும் போடுவோம். பகலில் ஆய்வுகூடமும் வகுப்பறைகளும் அதில் இயங்கட்டும். வீட்டில் வசதியில்லாத பிள்ளைகள் மாலையில் வந்து படிக்க ஒரு மண்டபம் வெளிச்சமாக இருக்கட்டும். வெள்ளமோ புயலோ வந்தால் எங்கள் பாடசாலைகள்தாம் இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்கள். அந்த நாட்களில் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர்ப் பம்பும் தொலைபேசி சார்ஜ் செய்யும் சில செருகிகளும் நிற்காமல் இயங்கினால், இன்சுலின் கெடாது, பால்மா கரைக்கச் சுத்தமான தண்ணீர் கிடைக்கும், அம்புலன்ஸை அழைக்க முடியும். அது பெரிய காரியம்.

ஒரு நிபந்தனையும் உண்டு. திறப்பு விழாவில் பெயர்ப்பலகை திரைநீக்கிவிட்டு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் பறந்துவிடுவதோடு கடமை முடியக்கூடாது. எங்கள் ஊரில் நன்கொடையாக வந்த எத்தனையோ இயந்திரங்கள் ஒரு சின்ன உதிரிப்பாகம் இல்லாமல் தூசி படிந்து கிடக்கின்றன. ஆகவே பொருளுக்குத் தரும் பணத்தோடு பத்து ஆண்டுப் பராமரிப்புக்கான பணத்தையும் சேர்த்துத் தாருங்கள். பெயர்ப்பலகை வேண்டுமென்றால் பத்தாவது ஆண்டு அது இயங்கிக்கொண்டிருக்கும்போது வைப்போம்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தொகுதியைத் துடைப்பதும், அளவிகளை வாசித்துப் பதிவதும், பழுதைக் கண்டுபிடிப்பதும் உங்கள் கையில் இருக்க வேண்டும். எண்ணெய் யுகத்தில் பெண்கள் எண்ணெய்க்காக வரிசையில் நின்றார்கள், புகையைக் குடித்தார்கள், விளக்கில் எரிந்தார்கள். ஆனால் அதைப்பற்றி முடிவெடுக்கும் மேசையில் இருக்கவில்லை. வரப்போகும் காலத்தின் மின்பொறியியலாளராக, நிலத்தடி நீர் ஆய்வாளராக, மின்னிணைப்பாளராக, சட்டத்தரணியாக நீங்கள் அந்த மேசைக்குப் போக வேண்டும். எல்லோரும் டொக்டர் ஆக வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு டொக்டராகச் சொல்கிறேன், எல்லோரும் ஆக வேண்டாம். கிணற்றைக் காப்பாற்ற ஒருத்தி இருந்தால் வாட்டில் எங்களுக்கு வேலை குறையும்.